ஒழுக்குக்கு வந்த ஆள்

கோண்டாவிலில் அந்த வீட்டுக்கு
இது மூன்றாந்தரம்.
முதல்தரம் வெடிப்பைக் கீறிச் சீமெந்துப் பால் விட்டேன்.
பிறகு கொழும்பிலிருந்து எடுப்பித்த பெயின்ற்.
ஐந்து வருட உத்தரவாதம் என்று வாளியில் எழுதியிருந்தது.
ஐப்பசி வாளியை வாசிக்கவில்லை.

"இப்ப சாமியறையிலையும் சொட்டுது"
பவளராணி ரீச்சர் சொன்னா,
கோபமே இல்லாமல்.
அதுதான் கூடச் சுட்டது.

ஏணி வைத்து ஏறினேன்.
மழை விட்டுப் பத்து நிமிசம் இருக்கும்.
குளிப்பாட்டிய மாடுபோலக்
கொங்கிறீற் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
தண்ணீர்த் தாங்கியின் காலடியில்
ஒரு வண்ணாத்திப்பூச்சி,
தேசி மரத்தில் முட்டையிட வருமே,
கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்டது,
செட்டை விரித்தபடி செத்துக் கிடந்தது.

சுற்றிவர எல்லாம் ஊறியிருந்தன:
சாக்கு, உளிப்பை, என் முழங்கால்,
அந்த உத்தரவாதம்.
அது மட்டும் காய்ந்திருந்தது.

அதன்மேல் மூன்று துளி.
வாங்குவதாய் எண்ணமில்லாத ஆள்
கடைவாசலில் நிற்பதுபோல
உள்ளே வராமல்,
போகவும் போகாமல்,
முழு உருண்டையாய்.

சாந்தகப்பை நுனியால் மெல்லச் சரித்தேன்.
உடம்பிலிருந்து வெளிப்பக்கம் என்றால்
ஓடி விழுந்தது துளி.
உடம்பை நோக்கிச் சரித்தேன்,
பிடித்துக்கொண்டு நின்றது.

வாட்டம்!
இருபத்திரண்டு வருடமாய்
நூல் கட்டி, மட்டக்குழாய் பிடித்து
நான் வைக்கப் பார்க்கிற வாட்டம்
நாலு விரலகலச் செட்டையில்.

போன் கமராவைக் கிட்டப் பிடித்துப் பெருப்பித்தேன்.
ஓடு. ஓட்டின்மேல் ஓடு.
வரிசை பிசகாத செதில் கூரை.
ஒவ்வொரு ஓட்டிலும் வரப்பு வரப்பாய் ஏதோ,
அதற்குமேல் கமராவுக்கு எட்டவில்லை.
வரப்புக்கிடையில் காற்று இருக்க வேண்டும்.
துளி குந்தியிருந்தது அந்தக் காற்றில்தான்.

நான் இடைவெளி கண்டால் அடைக்கிறவன்.
அதுதான் தொழில், அதற்குத்தான் காசு.
இது இடைவெளியாலேயே
கூரை போட்டிருக்கிறது.

ஆசை விடவில்லை. தொட்டேன்.
கட்டைவிரலில் மஞ்சள் மா.
தொட்ட இடத்தில் அடுத்த துளி
தட்டையாய்ப் படுத்தது,
கறுத்தது,
ஊறியது.

கன நேரம் குந்தியிருந்து
என் வேலையைப் பார்த்தேன்:
போன மாதம் கீறிய கீறல்,
அதற்கு முந்திய கீறல்,
இரண்டும் சந்திக்கிற மூலை.
அதற்கு நேர் கீழே சாமியறை.

"பிழை எங்கையெண்டு பிடிச்சிட்டீரோ?"
கீழேயிருந்து ரீச்சர்.
"ஓம் ரீச்சர்."
வேறொன்றும் சொல்ல வரவில்லை.
"அப்ப இறங்கி வாரும், தேத்தண்ணி ஆறுது."

இணுவில் பக்கம் இருண்டுகொண்டு வந்தது.
ஏணியில் பாதி இறங்கையில்
முதல் துளி
கட்டைவிரலில் விழுந்தது,
அந்த மஞ்சள் மாவில்,
உருண்டு
விழுந்தது.