முதல் மை

பால் சொசைட்டியில் கொழுப்பு மூன்று எட்டு என்று
சீட்டு எழுதிக்கொண்டே
முனியெல்லப்பா கேட்டார்: "யாருக்கு மேடம்?"
"புண்ணாக்கு விலையைக் குறைக்கிறவருக்கு."
சிரித்தார். கேனைக் கழுவிக்கொண்டு
ராகிக் கொல்லை வழியே நேராகப் பள்ளிக்கூடம்.

முப்பத்தோரு வருடம்
தேர்தல் என்றால் எனக்கு
ஊர் பேர் தெரியாத பள்ளியில் பெஞ்சுத் தூக்கம்,
உருகிய அரக்கு, ஒன்று இடிக்கும் கூட்டல்,
கழிப்பறை எந்தப் பக்கம் என்று
யாரைக் கேட்பது என்ற தவிப்பு.

எத்தனை விரல்கள்!
சாணி காய்ந்தது, மருதாணி வெளுத்தது.
ஆனேக்கல் பக்கம் ஒருமுறை
கல் குவாரியில் பாதி போன ஒன்று.
எங்கே வைப்பது?
கையேட்டைப் புரட்டினேன்,
அவர் பொறுமையாக நீட்டிக்கொண்டே நின்றார்.

என் ஓட்டு மட்டும்
எப்போதும் தபால் உறையில் போனது.

இன்று வரிசையில் நான் நாற்பதாவது ஆள்.
முன்னால் நிற்பவர் பையில்
பம்ப்செட்டுக்கு வாங்கிய வாஷர் கிலுங்குகிறது.

கன்னடப் பட்டியலில் என் பெயரைத் தேடி
அந்தப் பையன் உரக்கப் படித்தான்:
"மலர்விளி."
விழி, தம்பி. கண்.
விளி என்றால் கூப்பிடுவது.
எட்டாம் படிவம் இரண்டு முறை கொடுத்தாயிற்று.
வாய் வரை வந்தது; வெயில் ஏறுகிறது,
சரி, கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன்.

இடது கையை நீட்டினேன்.
சில்லென்று இருந்தது.

இத்தனை ஆயிரம் பேரில்
ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே,
இது இவ்வளவு குளிரும் என்று.

சாயங்காலம் கறக்க உட்கார்ந்தபோது
கன்று அந்த விரலை நக்கிப் பார்த்தது.
போகவில்லை.