ஈரப்பதம்

கொள்முதல் நிலையத் தராசில்
என் பையை வைத்தான் சிங்காரவடிவேலு.
நாற்பது கிலோ மூட்டைக்குப் பழகியது
ஏழே காலில் தடுமாறியது.

"பாலைவனம், அப்புறம் பனிமலை.
இவ்வளவுதானா?"

இரண்டு சட்டை, ஒரு கைலி,
கம்பளிக்குப் பதில்
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போட மூன்று பனியன்.
குடையை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

துண்டைத் தொட்டுப் பார்த்து
மீட்டர் வைக்காமலே சொன்னான்:
"இருபத்துநாலு.
பதினேழுக்கு மேல எடுக்க மாட்டோம்."

ஐப்பசி நீடாமங்கலத்தில்
எதுதான் காய்ந்திருக்கிறது?
தார்ப்பாய்க்குள் நெல்லே முளைவிடுகிறது.

மூன்றாம் நாள், ஜோத்பூர் லாட்ஜ் மாடி.
டீ குடித்து வருவதற்குள்
கருவாடாய் விறைத்துக் கிடந்தது துண்டு.
பையைத் தூக்கினால்
கால் கிலோ குறைந்த மாதிரி.

உதடு வெடித்திருக்கிறது.
தேங்காயெண்ணெய் எடுக்கவில்லை.

லே போக இன்னும் இரண்டு நாள்.
இந்த வெயிலில் நின்று
மூன்று பனியனையும்
போட்டுப் பார்க்கிறேன்.