உள்வரத்து

இரவு இரண்டரை.
மேலே ஏதோ ஒரு விமானம் தாமதம்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை,
மீட்டர் சொல்கிறது.
நூற்றெண்பது பேர் சலித்துப்போய்
ஒரே நேரத்தில் எழுந்து கைகழுவினால்
எண்கள் இப்படித்தான் துள்ளும்.

தேவனஹள்ளியில் இந்தக் கட்டடத்தைத்
தோட்டம் என்கிறார்கள்.
கூரையிலிருந்து தொங்கும் செடிகள்,
மூங்கில் வரிகள்,
பகலில் விளக்கே கேட்காத கண்ணாடி.
பயிற்சி நாளன்று ஒருமுறை சுற்றிக் காட்டினார்கள்.
அண்ணாந்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.
மற்றபடி என் இடம்
அதற்கு நேர் கீழே,
காற்றூதிகள் இரையும் தொட்டிகளின் நடுவில்.

நான் தங்கவயல்காரி.
எங்கள் வீட்டில் யாரும்
தரைக்கு மேலே நின்று சம்பாதித்ததில்லை.
அவர்கள் பாறையிலிருந்து பொன் எடுத்தார்கள்,
நான் சாக்கடையிலிருந்து தண்ணீர் எடுக்கிறேன்.
எது உசத்தி என்று
எங்கள் தெருவுக்கு டேங்கர் வரும் நாளில்
வந்து கேளுங்கள்.

எல்லாம் என்னிடம்தான் வருகிறது.
துபாய்க்குப் புறப்பட்டவனின் ஷேவிங் நுரை,
முதல் பயணத்தின் வாந்தி,
தொழுகைக்கு முன் கால் கழுவிய நீர்,
முந்நூறு ரூபாய்க்கு வாங்கி
பாதியில் கொட்டிய காபி.
கருத்து, நுரைத்து, வட்டமடிக்கும்.
கண்ணுக்குத் தெரியாத என் வேலையாட்கள்
யார் வீட்டுது என்று கேட்காமல் தின்பார்கள்.
(மேலே நடக்காத அதிசயம் இது.)
பிறகு சவ்வுகளைக் கடந்து
ஊதா வெளிச்சத்தில் ஒரு நொடி குளித்து
குழாய் ஏறிப் போகும்,
ரத்னவ்வாவின் செடிகளுக்கு.

ரத்னவ்வா
கூண்டு ஏணியில் உயர்ந்துபோய் இலை துடைக்கிறவள்.
ஷிப்ட் முடிந்து ஒரே பஸ்.
‘நேத்து உன் தண்ணீல சோப்பு வாசனை’ என்பாள்.
‘தசராக் கூட்டம்’ என்பேன்.

செவ்வாய்க்கிழமை
பெண்கள் கழிவறை, மூன்றாம் குழாய்
நாற்பது நிமிடமாய் ஓடுவதாகத்
திரை சிவந்தது.
சென்சார் பழுது என்று
ஸ்பேனரோடு மேலே போனேன்.

பழுதில்லை.
ஒருத்தி குழாயடியில் கை நீட்டி நின்றாள்.
எடுத்தால் நின்றுவிடும் தண்ணீர்,
நின்றால் வெளியே கேட்டுவிடும்.
கல்மேடையில் நனைந்த போர்டிங் பாஸ், பாட்னா.
இவ்வளவு பெரிய வரைபடத்தில்
தூங்க இடமிருக்கிறது, தொழ இடமிருக்கிறது,
புகைக்கக்கூட ஒரு கண்ணாடிக் கூண்டு.
அழ என்று யாரும் ஒரு கதவு வரையவில்லை.

அவள் தலைக்கு மேல்
‘நீரைச் சேமிப்போம்’.
என் இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது.
அதை அணைத்தேன்.
ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு
நான்காம் குழாயில் என் கையை நீட்டினேன்.
இரண்டு குழாய்களும் ஓடின.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது,
அவளுக்கு வசதியாக.

குறிப்பேட்டில் எழுதினேன்:
சென்சார் பழுது. சரிசெய்யப்பட்டது.
‘இழப்பு’ என்ற கட்டத்தில்
நூறு லிட்டர் என்று எழுதப்போய்
பேனாவை நிறுத்தினேன்.
எங்கே போய்விட்டது அது?
சுவருக்குள் இறங்கி
என் தொட்டிக்குத்தானே வந்தது.
கோடு போட்டுவிட்டேன்.

வியாழன் காலை பஸ்ஸில்
ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்து
ரத்னவ்வா கேட்டாள்:
‘தூண் பக்கத்துப் பெரணி நுனி கருகிக் கிடக்கு.
உப்பு ஜாஸ்தியா?’
‘இல்லையே, அளவுக்குள்ளதான்’ என்றேன்.
அவள் நம்பாமல்
கைப்பையிலிருந்து அந்த இலையை எடுத்து
என் மடியில் வைத்தாள்.

எங்களுக்கு முன்னால்
ஒரு டேங்கர் லாரி
நெடுஞ்சாலை முழுக்கச் சிந்திக்கொண்டே போனது.