நாலாம் குரல்

பாட்டு முழுக்கக் குளிர்.
முதல் அடியில் ஆறு உறைகிறது.
எங்களுக்கு ஆறு ஏது, ஊருணிதான்;
அது உறைந்ததில்லை, சில வருஷம் வற்றியிருக்கிறது.

இரண்டாம் அடியில் ஊசிமரம் தூங்குகிறது.
"ஊசிமரம்னா சவுக்கா டீச்சர்?" என்றான் பெலிக்ஸ்,
கீபோர்டிலிருந்து தலை நிமிராமல்.
பிரகாசி டீச்சர் முறைத்தார்.
நாங்கள் சிரித்ததும் நாலு சுதியில் இருந்தது.

நான் இரண்டாம் குரல்.
மேலே பறப்பதெல்லாம் கித்தேரியின் வேலை.
எனக்குப் பதினோரு மாத்திரை ஒரே சுரம்,
பிறகு அரைப் படி இறக்கம்,
பிறகு மறுபடி அதே சுரம்.
மதுரை பஸ்ஸில் நின்றுகொண்டே வருவது மாதிரி.

மூன்றாம் அடியில்தான் பனி.
எங்கள் பனி
பைக் சீட்டில் உட்கார்ந்திருக்கும்,
துடைத்தால் போய்விடும்.
இந்தப் பனி போகாதாம்.
முழங்கால்வரை நிற்குமாம், கதவை அடைக்குமாம்.
"குளிர்ற மாதிரிப் பாடுங்க" என்றார் டீச்சர்,
மின்விசிறிக்குக் கீழே
கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.

நாலாம் குரல் சந்தியாகு.
ஒத்திகைக்கு வந்தது மூன்றே நாள்.
கழனிவாசல் பக்கம் ஐஸ் கம்பெனியில் இரவு வேலை;
தன் பகுதியைப் போனில் கேட்டுப் படித்தான்.
அவன் இல்லாத நாட்களில்
மூன்று குரலும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தோம்.

இருபத்து மூன்றாம் தேதி இரவு
குட்டியானை வண்டியில் பதினாறு பேர்,
ஒரு ஜெனரேட்டர்,
பஞ்சுத் தாடி அரிக்கும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா.
பிள்ளையார் நோன்புக்கு வந்த கார்கள்
இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை.
பெரிய வீடொன்றின் வாசலில்
சால்வையோடு ஒருவர் நின்று முழுப் பாட்டும் கேட்டார்.
"நான் டொரன்டோ. அங்கே பனி இவ்வளவு அழகில்லை,
உப்புக் கொட்டித் தள்ளணும்" என்று
ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்.

ஒன்றரை மணிக்கு ஐஸ் கம்பெனி.
சந்தியாகு கதவைத் திறந்தான்.
வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்து
எங்கள் செருப்புகளை மூடியது.
தோளில் ஈரச் சாக்கு, கையில் கொக்கி.
"தொண்டி வண்டி நிக்குது, சீக்கிரம் ஆரம்பிங்க."

டீச்சர் கை உயர்ந்தது.
ஆறு உறைந்தது.
ஊசிமரம் தூங்கியது.
மூன்றாம் அடியில் அவன் கீழே இறங்கினான்,
இறங்கிக்கொண்டே இருந்தான்.
பாளம் ஒன்று சறுக்கி வந்தது;
கொக்கியால் நிறுத்தினான், சுரம் அசையவில்லை.

அப்போதுதான்
கித்தேரியின் வாயிலிருந்து ஆவி கிளம்பியது.
தன் மூச்சைத் தானே பார்த்தவள்
பாட மறந்து நின்றாள்.
முதல் குரல் இல்லை.
நாலு மாத்திரை,
வெறும் நாலு மாத்திரை,
என் ஒற்றைச் சுரத்துக்கு மேலே
எதுவுமே இல்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். நிறுத்தவில்லை.

டிரைவர் மகள் ஒரு சில்லை எடுத்து
உள்ளங்கையில் வைத்து மூடினாள்.
"சுடுது" என்று கீழே போட்டாள்.
யாரும் அவளைத் திருத்தவில்லை.

தொண்டி வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.
கதவு சாத்தியது.
அரியக்குடி சாலை திரும்பும்வரை
என் செருப்பில் ஈரம் இருந்தது.
டார்ச் வெளிச்சத்தில்
டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்:
ஐஸ் கம்பெனி, காணிக்கை இல்லை.