இருபதுக்குள் பெயர்

பீல் நகரில் என் பேருந்து ஐந்து நாற்பதுக்கு.
அதற்கு முன்னால் ஒரு மணித்தியாலம் என்னுடையது.
குசினி மேசையில் மகளின் பழைய மடிக்கணினி,
இரண்டு விசை கழன்றது.
தேத்தண்ணி ஆறுகிறது.

திரையில் நீலக் கம்பளிச்சட்டைக்காரன்
பி.எச்.பி. படிப்பிக்கிறான்.
வரிக்கு வரி "மிகச் சுலபம்" என்கிறான்.
அரைப்புள்ளி ஒன்றை மறந்ததற்கு
முழுப் பக்கமும் வெள்ளையாய்ப் போன அன்று
வாய்விட்டு ஏசினேன் அவனை.
மேல்வீட்டு மதாம் ரொசெல் தரையைத் தட்டினாள்.

இன்று ஏழாம் பாடம். படிவம்.
பெயருக்கு ஒரு பெட்டி, அதன் நீளத்தை அளக்க ஒரு கட்டளை.
என் தகப்பன் பெயரைத் தமிழிலேயே இட்டேன்:
திருநாவுக்கரசு.
விரல்விட்டு எண்ணினால் எட்டெழுத்து.
நாற்பத்திரண்டு என்றது.
திரும்ப எண்ணினேன்.
திரும்பவும் நாற்பத்திரண்டு.
எழுத்தை அது எண்ணுவதில்லையாம்,
எழுத்தைச் சுமக்கும் பைட்டுகளைத்தானாம்.
கால் போட மூன்று, புள்ளி வைக்க மூன்று.
சுண்டங்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இருபதோடு வெட்டிப் பார்த்தேன்.
'திருநா' வந்தது. அதன் பின்னால்
ஒரு கறுப்புச் சாய்சதுரம், உள்ளே கேள்விக்குறி.

எங்கேயோ பார்த்த முகம்.

கைப்பையில் காப்புறுதி அட்டை.
பதினொரு வருசமாய் அதில் நான்
யோகமலர் திருநாவுக்.
இடம் போதாதென்று
அரசை மட்டும் விட்டுவிட்டார்கள்.
பல் வைத்தியரின் வாசலில் அந்தப் பெண் கூப்பிடுவாள்,
விக்கல் எடுத்தவள் போல: "திருநாவுக்?"
நானும் எழும்பிப் போவேன்.

மேலிடத்தில் கூடிப் பேசி
எடுத்த முடிவென்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.
இல்லை.
யாரோ ஒருத்தன், ஒரு காலை, கோப்பியோடு உட்கார்ந்து
ஒரு இரண்டும் ஒரு பூச்சியமும் அடித்திருக்கிறான்.
அவன் பெயர் மையர் என்றிருக்கும்.

பயிற்சி கேட்கிறது: உச்ச நீளம் இருபது.
இருநூறு போட்டேன்.
சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. மீண்டும் முயல்க.

ஐந்து முப்பத்தொன்று.
முதியோர் இல்லத்தில் அறுபத்துநாலு கட்டிலுக்கு
விரிப்பு மாற்ற வேண்டும்.
சப்பாத்துக்குள் காலை விட்டபடி
இருபது என்று திருத்தினேன். பச்சை.
கதவடிவரை போனேன்.
திரும்பி வந்து அழித்து
இருநூறு.

எட்டாம் பாடம் இனித் திறக்காது.
திறக்காட்டில் போகட்டும், நாளைக்குப் பார்ப்போம்.
வெளியே மழை,
பேருந்துக்காரன் கதவை மூடப் பார்க்கிறான்.