ஸ்வெட்டரின் கை

வெர்ன் நீமி தோற்றால்
டுலூத் ஊரில் ஒரு தச்சனுக்கு வேலை கிடைக்கும்.
போன மார்ச்சில் கழிப்பறைக் கதவு.
அதற்கு முன்னால், மூன்றாம் மேசைக்கு மேலே தொங்கிய
பச்சைக் கண்ணாடி விளக்கு.
மூன்று வாரம் வரக் கூடாதென்றார்கள்.
மூன்று வாரமும் வந்தான்.
வாசலில் வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தான்.

நான் அப்படியில்லை.
எதிராளி கடினமான பந்தை இறக்கினால்
கோலின் அடியால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவேன்.
தோற்ற அன்றும் முதலில் நீள்வது என் கைதான்.
செவ்வாய்க்கிழமை லீக்கில் ஸ்கோர் எழுதும் டார்லா
தன் மகனுக்கு என்னைக் காட்டியிருக்கிறாள்,
இப்படி விளையாடணும் என்று.

பிப்ரவரி. வெளியே ஏரி
கண்ணுக்கெட்டிய மட்டும் கல்.
உள்ளே ஆறுக்கு ஆறு,
கடைசி ஆட்டம்,
மேசையில் நான்கு பந்து.

வெர்ன் குனிந்தான். அடித்தான்.
ஆறாம் பந்து விழுந்த சத்தம் அடங்குமுன் கத்தினான்:
"கோல் ரெண்டு தடவை பட்டுச்சு!"
யாருக்கும் தெரியவில்லை.
எனக்கும்தான்.
டார்லா ஏற்கெனவே பேனாவை நகர்த்தியிருந்தாள்.
"பட்டுச்சுன்னா பட்டுச்சு. ஃபவுல். எடுத்துக்கோ."
வெள்ளைப் பந்தை என் பக்கம் உருட்டிவிட்டு
தன் கையை, தன் கண்ணை,
தான் பிறந்த நாளை
ஒவ்வொன்றாக வைதான்.
சாக்கட்டி பறந்துபோய்ச் சுவரில்
நீலமாய் ஒரு பொட்டு வைத்தது.
"இன்னொரு தடவை எறிஞ்சா வெளியே"
என்றாள் டார்லா, தலை நிமிராமல்.

ஏழை இறக்கினேன்.
வெள்ளை கொஞ்சம் கூடுதலாக ஓடி
ஒன்பதின் முதுகில் போய் நின்றது.
எட்டை அடிக்க
ஒன்பதின் மேலாக எக்கிக் குனிய வேண்டும்.
குனிந்தேன்.

ஸ்வெட்டரின் கை தொளதொளப்பு.
தள்ளுபடியில் வாங்கியது, ஓர் அளவு பெரிது.
கம்பளி, ஒன்பதைத் தொட்டது.
பந்து நகர்ந்தது,
ஓர் எறும்பு இரண்டு எட்டில் கடக்கும் தூரம்.

அந்த நேரம் அறையில் இருந்த பதினெட்டுப் பேரும்
வெர்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
அடுத்து எதை உடைப்பான் என்று.
வெர்ன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்ல நேரமிருந்தது.
ஒரே ஒரு சொல். புதிதாகத் தேட வேண்டியதுகூட இல்லை,
இப்போதுதான் ஒருவன்
தொண்டை கிழியச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.
நான் மூச்சை விட்டேன்.
எட்டை இறக்கினேன்.
பிறகு ஒன்பதை,
அது புதிதாக நின்ற இடத்திலிருந்து.

வெர்ன் கோலை முழங்காலில் வைத்து அழுத்தினான்.
முறியவில்லை.
யாரோ சிரித்தார்கள்.
இரண்டாம் தடவை முறிந்தது.
நான் கையை நீட்டினேன்.
பார்க்காமலே கடந்து போனான்.
என் கை அங்கேயே நின்றது,
வேண்டியதைவிடச் சற்று அதிக நேரம்.
எல்லாரும் பார்த்தார்கள்.
"தோக்கத் தெரியாத ஜென்மம்" என்று
ஹார்லன் எனக்கொரு பியர் வாங்கித் தந்தான்.
குடித்தேன்.

நள்ளிரவு. மைனஸ் இருபத்தாறு.
வண்டி நிறுத்துமிடத்தில் மிச்சம் இரண்டு வண்டிகள்.
ஒன்று என்னுடையது.
மற்றதன் பானெட் திறந்திருந்தது,
உள்ளே தலையை விட்டு வெர்ன்
பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தான்.

கேபிளை எடுத்துப் போனேன்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
மூன்றாம் முறை இன்ஜின் இருமி, பிடித்துக்கொண்டது.

அப்போது கையுறையைக் கழற்றினான்.
அந்தக் குளிரில்.
"உள்ளே கை குடுக்காம வந்துட்டேன்.
தப்பு என்னோடது.
நீ சுத்தமா ஆடினே."

பிடித்தேன். சூடாக இருந்தது,
விரலிடுக்கெல்லாம் நீலத் தூள்.
"பரவாயில்லை, வெர்ன்" என்றேன்,
என் வழக்கமான குரலில்.

மற்றக் கையால்
ஸ்வெட்டரின் கையை மடித்தேன்.
பிறகு இன்னொரு மடிப்பு.