கயிறு இருக்கும் இடம்

பஸ் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே வந்தோம்
நானும் ஞானப்பூவும்.
மூன்று மாதமாய் காஸுக்கும் பெற்றோலுக்கும் நின்ற கால்கள்
மாளிகை வாசலிலும்
தாமாகவே வரிசையாகின.

மாணவன் ஒருவன் வழிகாட்டி ஆகியிருந்தான்.
உடைந்த தமிழில்:
"இடப்பக்கம் போங்க. படம் தொட வேணாம்."
நேற்றுவரை துவக்கு சொன்னதைத்தான்
இவன் சிரித்துக்கொண்டு சொன்னான்.

கட்டிலைச் சுற்றிக் கூட்டம்.
குளத்தில் அதைவிடக் கூட்டம்.
அவள் மட்டும் மாடிப்படி வளைவில் நின்றுவிட்டாள்.

எண்ணெய் ஓவியம். மலை, பனி,
கொழுந்தெடுக்கும் பெண்கள்.
முகங்கள் வரையப்படவில்லை.
"கூடைக் கயித்தை நெத்தியில போட்டிருக்கான் பாருங்க.
உச்சியில போடணும்.
இப்படிப் போட்டா
மத்தியானம் நிறுக்கிறதுக்குள்ள
கழுத்து முறிஞ்சிரும்."
யார் காலிலும் அட்டை இல்லை,
அதையும் சொன்னாள்.

பிறகு
ஏழு வருடம் பம்பலப்பிட்டி வீடுகளைத் துடைத்த கை
சேலைத் தலைப்பால் சட்டத்தின் தூசி தட்டி
சரிந்திருந்த படத்தை நேராக்கியது.
"அக்கா, தொட வேணாம்!"
"தொடலை தம்பி. தொடச்சேன்."

வெளியே வந்தால்
அவளுடைய செருப்பில் ஒன்றைக் காணோம்.
கோட்டைத் தார் ரோடு ஒரு காலை மட்டும் சுட
வீடு வரைக்கும்
கயிறு பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.